ஊதாப் பொட்டு இல்லாத அட்டை

எங்கள் கால்நடை மருத்துவர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த இரண்டு இளம் மருத்துவர்களும் நல்ல பிள்ளைகள். "மேடம், வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடத்துன அனுபவத்த எழுதுங்க. புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு உற்சாகமா இருக்கணும்" என்றார்கள். உற்சாகத்துக்கு நான் ஆள் இல்லை. ஓய்வுபெற்ற பிறகு என்னிடம் மிச்சம் இருப்பது மூட்டுவலியும் கோபமும்தான். கோபத்தில் பாதிக்கு மேல் என்மேலேயே. ஆனாலும் எழுதுகிறேன். ஊசியை எங்கே, எவ்வளவு போடுவது என்பதைக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதைப் பற்றி இதில் ஒரு வரிகூட இருக்காது.

நான் காரைக்காலில் கால்நடை மருத்துவராக இருந்தபோது நடந்தது இது. சுனாமி வந்துபோய்ச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. கருக்களாச்சேரியில் கடலை ஒட்டி இருந்த குடும்பங்கள் பலவற்றுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் புதுக் குடியிருப்பு கட்டிக்கொடுத்திருந்தார்கள். இலவசத் தடுப்பூசி முகாமை அந்தக் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் வைத்தோம். பந்தல் இருந்தது, மைக் இருந்தது, வருகிறவர்களுக்கு நாற்காலி இருந்தது. நாய்தான் இல்லை.

காரணம் எளிது. மனிதர்கள் வீடு மாறிவிட்டார்கள், நாய்கள் மாறவில்லை. படகும் வலையும் எங்கே கிடக்கின்றனவோ அங்கேதான் அந்த ஊர் நாய்களுக்குச் சோறும் நிழலும். ஒவ்வொரு நாயும் ஒரு படகுக்காரருடையது. அவர் கரையேறும்போது வீசுகிற பொடிமீனைத் தின்னும், அவர் கைக்கு மட்டும் அடங்கும். வீட்டுப் பெண்கள் கூப்பிட்டால் ஒரு தடவை முகர்ந்துவிட்டு விலகிப் போய்விடும். நாங்கள் முகாம் வைத்த நேரத்தில் ஆண்கள் எல்லாரும் கடலில் இருந்தார்கள். சுற்றறிக்கை தயாரித்தவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். ஆடு மாடு பார்க்க மாதம் இரண்டு தடவை அந்த ஊருக்குப் போய்வந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

குட்டியும் கிழமுமாக எட்டு நாய்கள் வந்தன. அவற்றுக்குப் போட்டு முடித்தபோது, வெறுங்கையோடு ஒரு கூட்டம் பெண்கள் என் மேசை முன்னால் நின்றார்கள். அட்டை இல்லாத நாயை வண்டி வந்து பிடித்துக்கொண்டு போகும் என்று எவனோ ஊருக்குள் கிளப்பிவிட்டிருந்தான். அப்படி ஒரு வண்டி கடைசிவரை வரவில்லை. ஆனால் அன்றைக்கு அந்தப் பெண்கள் ஊசிக்காக வரவில்லை, அட்டைக்காக வந்தார்கள்.

முன்னால் நின்றவள் அஞ்சலை. முப்பது வயது இருக்கும். கருவாடு விற்கப் புறப்பட்டவள் கூடையோடு அப்படியே வந்திருந்தாள்.

"டாக்டரம்மா, எங்க நாயி கரையில கெடக்கு. அவரு கைக்குத்தான் வரும், எங்கிட்ட நிக்காது. அட்டைய மட்டும் எழுதிக் குடுத்துடுங்களேன்."

"நாயைப் பாக்காம எப்படிம்மா எழுதுறது?"

"கடலுக்குப் போறப்பவே சொல்லிட்டுப் போனாரு, ராஜாவுக்கு ஊசி போட்டுடு புள்ளன்னு. ரெண்டு வாட்டி போயி கூப்புட்டுப் பாத்துட்டேன், ஓடிப்போயி படகுக்கு அடியில படுத்துக்கிச்சு. வண்டிக்காரன் வந்து அதத் தூக்கிட்டுப் போனா அவரு சோறு திங்க மாட்டாரும்மா. எனக்குப் பொறந்தத விட அதுகிட்டதான் அவருக்குப் பாசம்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் கூடை விளிம்பைப் பிடித்திருந்த கை தளரவில்லை.

என்னோடு வந்திருந்தவர் எங்கள் மருந்தகத்து உதவியாளர். சுரக்குடிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பெயர் சொல்லமாட்டேன், அவருக்குப் பிடிக்காது. நாய் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. தோளில் கிடக்கும் துண்டால் வாயில் ஒரு சுற்று, அவ்வளவுதான், கடிக்கிற நாயும் கன்றுக்குட்டி மாதிரி நிற்கும். ஊசி போட்டதும் அதன் நெற்றியில் ஊதா மருந்தைத் தொட்டு ஒரு பொட்டு வைப்பார். ஒரே நாயை இரண்டு பேர் கொண்டுவராமல் இருப்பதற்காக. அதே பஞ்சால் அட்டையின் மூலையிலும் ஒரு பொட்டு. இது எந்த உத்தரவிலும் இல்லாதது, அவராக ஏற்படுத்திக்கொண்ட பழக்கம். "நாயும் அட்டையும் ஒண்ணுக்கொண்ணு சாட்சி மேடம்" என்பார். நான் அதைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

அவர் என் பக்கம் குனிந்து சொன்னார்: "ஐஸ்பெட்டியத் தூக்கிக்கிட்டு கரைக்கே போயிடலாம் மேடம். ஆளுங்க கரையேறுற நேரம்தான். ஒரு மணி நேரம் நின்னா அவங்கவங்க நாயை அவங்களே புடிச்சிக் குடுத்துடுவாங்க."

நான் போயிருக்க வேண்டும். ஆனால் பந்தலில் மேலதிகாரி உட்கார்ந்திருந்தார். மதியத்துக்குள் அம்பகரத்தூரில் அடுத்த முகாம். அங்கே ஒரு பிரமுகர் வந்து தொடங்கிவைக்க வேண்டும், அதற்குள் நாங்கள் போய்ச் சேர வேண்டும். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், என் முன்னால் இருந்த அட்டைகளைப் பார்த்தார். "என்னம்மா, வெறும் எட்டுதானா? இதக் கொண்டுபோயி நான் எங்க காட்டுறது?" என்றார்.

பொய்யாக எழுது என்று அவர் சொல்லவில்லை. அவர்மேல் எனக்கு ஆயிரம் கோபம் உண்டு, ஆனால் இதை மறைக்கக் கூடாது. எழுதியது நான். அந்தப் பெண்களைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, எனக்கு அவசரமாகவும் இருந்தது. இரக்கமும் அவசரமும் ஒன்றாக வந்தால் புத்தி வாசலுக்கு வெளியே நின்றுவிடும். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று இருபத்து மூன்று அட்டைகள் எழுதினேன். நாயின் நிறம் என்ன, வயது என்ன என்று பெண்களைக் கேட்டே கட்டங்களை நிரப்பினேன். அவர்கள் சொன்ன செவலைக்கும் கருப்புக்கும் கீழே கையெழுத்துப் போட்டேன்.

"புள்ள பொறக்காமலே பேரு வைக்கிறாப்புல இருக்கு மேடம்" என்றார் உதவியாளர்.

"நீங்க நாயைப் பிடிங்க. எழுதுறது என் வேலை."

 அவர் ஊதா மருந்துப் புட்டியை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்த இருபத்து மூன்று அட்டைகளிலும் பொட்டு கிடையாது.

அஞ்சலையிடம் அட்டையைக் கொடுக்கும்போது, "அடுத்த வாரம் நானே கரைக்கு வந்து ஊசி போடறேன். அதுவரைக்கும் இது கையில இருக்கட்டும்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அடுத்த வாரம் அம்பகரத்தூர்ப் பக்கம் மாடுகளுக்குக் கோமாரி வந்துவிட்டது. அதற்கடுத்த வாரம் ஆண்டறிக்கை. அதன் பிறகு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஆண்கள் எல்லாரும் பகல் முழுக்கக் கரையில் வலை பின்னிக்கொண்டு இருந்தார்கள். நாய்கள் அவர்கள் காலடியிலேயே கிடந்தன. ஒரு காலைப் பொழுது போதும். நான் போகவில்லை.

அந்த ஆண்டு அதிக நாய்களுக்கு ஊசி போட்ட மருந்தகம் என்று எங்களுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதில் இருபத்து மூன்று நாய்கள் ஊசியைக் கண்ணால்கூடப் பார்க்காதவை.

தடைக்காலம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஒருவர் மருந்தகத்துக்கு வந்தார். வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. அன்றைக்கு மருந்தகம் நிறைய ஆடும் ஆளுமாகக் கூட்டம். போதாக்குறைக்கு ஆய்வுக்காக அதே மேலதிகாரி என் எதிரில் உட்கார்ந்து பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். உதவியாளர் விடுப்பில் இருந்தார்.

"நான் சிங்காரவேலு, டாக்டரம்மா. அஞ்சலை வீட்டுக்காரன்" என்றார் வந்தவர். "வலைய எடுத்துப் படகுல போடலாம்னு போனேன். எங்க ராஜா அதுமேல படுத்துக் கெடந்துச்சு. எழுப்புனேன், வெடுக்குன்னு கவ்விடுச்சு. குட்டியிலேருந்து வளக்குறேன், ஒரு நாளும் எம்மேல பல்லு பட்டதில்ல."

நீங்கள் மருத்துவர்கள். அந்தக் கடைசி வாக்கியத்தின் பொருள் உங்களுக்குத் தெரியும். வளர்த்தவனை ஒரு நாளும் கடிக்காத நாய் காரணமில்லாமல் கடிக்கிறது. எனக்கும் தெரிந்தது. 

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதற்குள் மடிப்புக் கலையாமல் அட்டை. "ஊசி போட்ட நாய்தான். நீங்க எழுதுனதுதான், பாருங்க" என்று என் கையில் கொடுத்தார். என் கையெழுத்து. செவலை, நான்கு வயது. மூலையில் பொட்டு இல்லை. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். எங்குமே இல்லை.

"நாளன்னிக்குத் தடை முடியுது டாக்டரம்மா. மொத நாளே போட்டுல போயாகணும், விட்டா எடத்துக்கு வேற ஆளு வந்துடுவான். ஆஸ்பத்திரிக்குப் போனா அஞ்சு வாட்டி வரச் சொல்லுவாங்க. ஊசி போட்ட நாயி கடிச்சதுக்கு அது வேணுமான்னு உங்களக் கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன்."

நான் சொல்ல வேண்டியது ஒரே வரி. இந்த அட்டை பொய், உங்கள் நாய்க்கு நான் ஊசி போடவில்லை, நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதைச் சொன்னால் எதிரில் இருக்கிறவர் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்குவார். மற்ற இருபத்திரண்டும் வெளியே வரும். சுவரில் மாட்டியிருந்த கேடயம் வேறு அவர் தலைக்கு மேலேயே இருந்தது. எல்லாவற்றையும் ஒரு நொடியில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நான் சொன்னது இதுதான்:

"எதுக்கும் ஆஸ்பத்திரியில போயி ஊசி போட்டுக்குங்களேன். நாயையும் பத்து நாளைக்குப் பாத்துக்குங்க."

"பயப்படுறாப்புல ஒண்ணும் இல்லீங்களே?"

"இல்ல, பயப்படாதீங்க. எதுக்கும் போட்டுக்குங்க."

அவர் முகம் தெளிந்துவிட்டது. "நீங்க சொன்னா சரி டாக்டரம்மா" என்று கும்பிட்டுவிட்டு அட்டையைப் பழையபடி உறைக்குள் வைத்துக்கொண்டு போனார். நாளை மறுநாள் கடலுக்குப் போகிறவர் பத்து நாள் நாயை எப்படிப் பார்ப்பார் என்று நான் கேட்கவில்லை. சோப்புப் போட்டுக் கழுவினாரா என்றுகூடக் கேட்கவில்லை. அவர் சீக்கிரம் வெளியே போனால் போதும் என்றிருந்தது.

பிள்ளைகளே, உங்களிடம் யார் கடியோடு வந்தாலும் "எதுக்கும்" என்ற சொல்லை எடுக்காதீர்கள். கேட்கிறவருக்கு அது வேண்டாம் என்றுதான் கேட்கும். பஸ்ஸுக்கு நிற்கிறவரும் கூலிக்குப் போகிறவரும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். அட்டை இருக்கட்டும், நாயின் கழுத்தில் ஊசி போட்டதற்கான பதக்கம் இருக்கட்டும், நாய் உங்கள் வீட்டு நாயாகவே இருக்கட்டும். கால் மணி நேரம் சோப்பும் தண்ணீரும், அன்றைக்கே ஆஸ்பத்திரி. அவரே மறுத்தாலும் கூடப் போய் வாசலில் விட்டுவிட்டு வாருங்கள். அன்றைக்கு எனக்கு வண்டி இருந்தது, பெட்ரோலும் இருந்தது.

மறுநாள் உதவியாளர் வேலைக்கு வந்தார். அவரிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த மனிதர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கருக்களாச்சேரிக்குப் போய், சிங்காரவேலுவைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்திருப்பார். அவர் கடலுக்குப் போக இன்னும் ஒரு முழுநாள் பாக்கி இருந்தது. அதனால்தான் சொல்லவில்லையோ என்று இப்போது தோன்றுகிறது. தோன்றுவது என்ன, அதனால்தான்.

இரண்டு மாதத்துக்கு மேல் ஆகி, ஆடி கடைசியில் மருத்துவமனையிலிருந்து எனக்குப் போன் வந்தது. வெறிநோய் அறிகுறியோடு ஒருவரைச் சேர்த்திருக்கிறார்கள், வீட்டார் உங்கள் கையெழுத்துப் போட்ட தடுப்பூசி அட்டையைக் காட்டுகிறார்கள், கொஞ்சம் வர முடியுமா என்று கேட்டார் அங்கிருந்த டாக்டர். போகும் வழியெல்லாம் வேறு யாராவதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு போனேன். என்ன வேண்டுதல் பாருங்கள்.

சிங்காரவேலுதான். அறையில் மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள், காற்றுப் பட்டாலே தொண்டை இழுத்துக்கொண்டது. வாழ்க்கை முழுக்கத் தண்ணீர் மேலேயே இருந்த மனிதர், ஒரு டம்ளர் தண்ணீரைக் கண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கினார். நடுவில் ஒரு நிமிடம் தெளிவு வந்தபோது என்னை அடையாளம் தெரிந்துகொண்டார்.

"அட்டை இருக்கே டாக்டரம்மா" என்றார். என்னைக் குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. எங்கேயோ தவறு நடந்திருக்கிறது, நான் வந்துவிட்டதால் சரியாகிவிடும் என்கிற மாதிரி சொன்னார். மறுநாள் மதியம் இறந்துபோனார்.

விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதற்கு நான் பதில் எழுதினேன்: மேற்படி நாய்க்கு முகாமில் தடுப்பூசி போடப்பட்டது, எனினும் தடுப்பூசி எல்லா நாய்களுக்கும் ஒரே மாதிரி பலன் தருவதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். மருந்துக்கு வாய் கிடையாது, பழியை அது ஏற்றுக்கொண்டது. கோப்பு மூடப்பட்டது. அஞ்சலை ஏன் யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை என்று எனக்குப் புரியவில்லை. சொல்லாமல் இருந்தது நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அவர் இறந்த மறுநாள் காலை, நானும் உதவியாளரும் ஐஸ்பெட்டியோடு கரைக்குப் போனோம். இந்தத் தடவை அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். கேட்டதும் அவர் ஊதா மருந்துப் புட்டியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். படகுகள் கரையேறின. அவரவர் நாயை அவரவர் பிடித்துக்கொடுத்தார்கள். ராஜா மட்டும் இல்லை; கடித்த சில நாளிலேயே கரையை விட்டு ஓடிப்போனது திரும்பவில்லையாம். ஊசியும் ஊதாப் பொட்டுமாக இருபத்திரண்டு நாய்களுக்கும் முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கைகழுவும்போது, "அவ்வளவுதான் மேடம் வேலை" என்றார். அந்த மனிதர் என்னோடு பத்து வருடம் வேலை பார்த்தார். என்னைத் தண்டித்தது அவர் ஒருவர்தான், அந்த மூன்று வார்த்தையில்.

கருமாதி முடிந்து சில நாட்கள் கழித்து அஞ்சலையைப் பார்க்கப் போனேன். என்ன பேசுவது என்று தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவள் அட்டையை என்னிடம் கேட்டு வாங்கினாள், புருஷனிடம் ஊசி போட்டாகிவிட்டது என்று சொல்லிவிட்டாள், இப்போது தன்னால்தான் அவர் செத்தார் என்று தன்னையே தின்றுகொண்டிருப்பாள். அவளிடம், உன்மேல் தப்பில்லை, எழுதியது நான் என்று சொல்லிவிட வேண்டும். என் மனப் பாரமும் கொஞ்சம் இறங்கும் என்ற ஆசையும் அதில் இருந்தது.

புது வீட்டு வாசலில் உட்கார்ந்து கருவாடு தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டாள். திட்டவில்லை, அழவில்லை. நான் ஆரம்பித்தேன்: "அஞ்சலை, அன்னைக்கு நீ கேட்டேன்னு நான் அட்டை எழுதியிருக்கக் கூடாது. நாய்க்கு ஊசி போடலன்னு நீ அவர்கிட்ட சொல்லாம விட்டது..."

அவள் கையை நிறுத்தினாள்.

"சொல்லாம விடலாம்னு இல்ல டாக்டரம்மா. கடிச்ச அன்னிக்கு நான் கருவாட்டுக் கூடையத் தூக்கிக்கிட்டு வியாபாரத்துக்குப் போயிருந்தேன். சேதி கேட்டு ஓடியாந்தேன். அடிச்சாலும் அடிக்கட்டும், சொல்லிடணும்னுதான் ஓடியாந்தேன். அதுக்குள்ள அவரு உங்களப் பாத்துட்டு வந்துட்டாரு. டாக்டரம்மாகிட்ட அட்டையக் காட்டுனேன் புள்ள, பயப்படாதீங்கன்னுட்டாங்கன்னாரு."

ஒரு கருவாட்டை எடுத்தாள், எந்தக் குவியலில் போடுவது என்று தெரியாத மாதிரி கையிலேயே வைத்திருந்தாள்.

"ஊசி போடலன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். அவரு ஒருத்தருக்குத்தான் தெரியாது. தெரிஞ்ச நீங்களே பயமில்லன்னு சொல்லி அனுப்பிட்டீங்க, அப்ப நெசமாவே பயமில்லன்னுதான் நான் வாய மூடிக்கிட்டேன்."